20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவந்த கார் பந்தயம் இப்போது ஏன் சலிக்கிறது?

கேள்வி கேட்டவர் 1990களின் கடைசியிலிருந்து ஃபார்முலா 1 பார்த்து வருகிறார். ஒரு காலத்தில் தகுதிச் சுற்றைக்கூடத் தவறவிட மாட்டாராம். இப்போது தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள்தான் தெரிகிறது, அதுவும் பெரிதாக மனசில் நிற்பதில்லை. தனக்கு வயதாகிவிட்டதா, பந்தயம் கெட்டுவிட்டதா, பழைய ஆர்வம் திரும்ப வருமா என்பது அவர் கேள்வி.

எனக்கும் இதே நடந்தது. அதனால் வெளியிலிருந்து அலசிச் சொல்லும் பதில் இல்லை இது.

1997 முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு பக்கம். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை முதல் ஆறு இடங்களில் யார் யார் என்று எழுதுவேன். வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் ‘நின்றவை’ என்று தலைப்பு. எந்தக் கார், எத்தனையாவது சுற்று, என்ன கோளாறு. இன்ஜின், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், கிளட்ச், மறுபடி இன்ஜின். சில பந்தயங்களில் அந்த ஓரம் போதாமல் பக்கத்தைத் திருப்பி எழுதியிருக்கிறேன். ஆண்டுகள் போகப் போக அந்த ஓரம் காலியாகிக்கொண்டே வந்தது. 2016 சீனப் பந்தயத்தில் தொடங்கிய 22 கார்களும் முடித்தன. ஓரம் முழுக்க வெறுமை. அந்த ஆண்டோடு நோட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. பல வருடம் கழித்து அதைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. நான் பார்த்து ரசித்ததில் பாதி அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள்: ஒரே அணி திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது என்று. அது முழுக் காரணமாக இருக்க முடியாது. 1988இல் மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்தது. 2002இல் ஃபெராரி 17இல் 15. அந்த ஆண்டு ஷூமாக்கர் ஜூலை மாதமே உலகப் பட்டத்தை வென்றுவிட்டார். 2023இல் ரெட் புல் 22இல் 21. ஆதிக்கம் என்பது இந்த விளையாட்டின் கூடப் பிறந்தது. நீங்கள் ஆசையாகப் பார்க்க ஆரம்பித்த காலத்திலும் அது இருந்தது, அதையும் மீறித்தான் உட்கார்ந்து பார்த்தீர்கள்.

அப்போது நம்மை உட்காரவைத்தது என்ன? கார் நின்றுவிடுமோ என்ற பயம்.

1997 ஹங்கேரி. டேமன் ஹில் முந்தைய ஆண்டின் உலக சாம்பியன், ஆனால் ஓட்டிக்கொண்டிருந்தது ஆரோஸ் என்ற சின்ன அணியின் கார். அது அதுவரை ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. அன்று ஷூமாக்கரின் ஃபெராரியைத் தடத்திலேயே முந்தி, அரை நிமிடத்துக்கும் மேல் முன்னிலை எடுத்து, முடிய மூன்றே சுற்று இருக்கும்போது ஹைட்ராலிக் கோளாறு. கார் நொண்ட ஆரம்பித்தது. கடைசிச் சுற்றில் வில்நவ் புல்லில் இறங்கி அவரைத் தாண்டிப் போனார். ஹில் இரண்டாமிடம். ஆரோஸ் கடைசிவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காமலேயே மூடப்பட்டது. 2001 ஸ்பெயினில் ஹக்கினென் கடைசிச் சுற்றில் பெரிய முன்னிலையோடு போய்க்கொண்டிருந்தபோது கார் நின்றது, வெற்றி ஷூமாக்கருக்குப் போனது. ஹக்கினென் தன் அணித் தோழர் கூல்ட்ஹார்டின் கார்மேல் உட்கார்ந்து திரும்பி வந்தார்.

ஆனால் இந்தப் பயம் என்றால் என்ன என்று ஒரே பந்தயத்தைக் காட்டச் சொன்னால் 1999 நூர்பர்க்ரிங்கைத்தான் காட்டுவேன். மழை வருவதும் நிற்பதுமாக இருந்த நாள். முதலிடத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். ஃப்ரென்ட்சனின் ஜோர்டன் பிட் ஸ்டாப் (டயர் மாற்றுவது போன்ற வேலைகளுக்காகத் தடத்தின் ஓரத்தில் அணியின் இடமான பிட்டில் நிற்பது) முடித்து வெளியே வந்ததும் மின்கோளாறில் நின்றது. கூல்ட்ஹார்ட் ஈரத்தில் வழுக்கி வெளியே போனார். ஃபிசிகெல்லா முதலிடத்தில் இருந்தபடியே சுழன்று நின்றார். ரால்ஃப் ஷூமாக்கருக்கு டயர் பஞ்சர். கடைசியில் ஸ்டூவர்ட் அணிக்கு ஜானி ஹெர்பர்ட் ஜெயித்துக் கொடுத்தார். அந்த அணியின் ஒரே வெற்றி அது.

எனக்கு அந்த நாள் ஹெர்பர்ட்டால் நினைவில் இல்லை. லூக்கா படோயரால் நினைவில் இருக்கிறது. மினார்டி என்ற இத்தாலிய அணி, கார்கள் பந்தயம் தொடங்க நிற்கும் கிரிட்டின் கடைசி வரிசையே அதன் வீடு. ஒரு புள்ளி கிடைத்தால் அந்த அணிக்குத் திருவிழா. அந்த அணியின் படோயர் அன்று நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். நான்காம் இடம் என்றால் மூன்று புள்ளி. 66 சுற்றுப் பந்தயத்தில் 53வது சுற்றில் கியர்பாக்ஸ் போயிற்று. காரை ஓரம் கட்டினார். இறங்கினார். தலைக்கவசத்தோடு காரின் பக்கத்திலேயே முழங்காலிட்டு, கார்மேல் சாய்ந்து அழுதார். தோள் குலுங்குவது டிவியில் தெரிந்தது. படோயர் ஃபார்முலா 1இல் கடைசிவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதே பந்தயத்தில் அவருடைய அணித் தோழர் மார்க் ஜெனே ஆறாவதாக முடித்து மினார்டிக்கு ஒரு புள்ளி வாங்கிக் கொடுத்தார். ஒரே அணியின் பிட்டில் ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் கொண்டாட்டம். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் ‘படோயர், 53, கியர்பாக்ஸ்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

இன்றைய பந்தயத்தில் இது ஏன் அரிது? பொறியியல் வளர்ந்தது, விதிகளும் அதே பக்கம் தள்ளின. முன்பு தகுதிச் சுற்றுக்கு ஒரு இன்ஜின், பந்தயத்துக்கு இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாம். 2004இல் ஒரு பந்தய வாரத்துக்கு ஒரே இன்ஜின் என்றார்கள். 2005இல் இரண்டு பந்தயங்களுக்கு ஒன்று. 2018இல் 21 பந்தயங்களுக்கு மூன்றே இன்ஜின். செலவைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவு, நியாயமான முடிவுதான். ஆனால் உயிரைக் கொடுத்து ஓடி வெடிக்கும் இன்ஜின் போய், பத்திரமாக ஏழு பந்தயம் ஓடும் இன்ஜின் வந்தது. ஒவ்வொரு காரிலும் நூற்றுக்கணக்கான உணரிகள், எதாவது சூடேறினால் பொறியாளர் உடனே ரேடியோவில் சொல்லி ஓட்டத்தைத் தணித்துவிடுகிறார். அணிகள் செய்ய வேண்டியதைத்தான் செய்கின்றன. நமக்கு மட்டும் கடைசிப் பத்துச் சுற்றில் அடிவயிற்றைப் பிசையும் அந்த உணர்வு போயிற்று. 1996 மொனாக்கோவில் கொடி விழும்போது கோட்டைத் தாண்டியவை மூன்றே கார்கள். 14வது இடத்தில் தொடங்கிய பானிஸ் ஜெயித்தார். இனி அப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆபத்து குறைந்துவிட்டதால் சுவை குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. கார் நின்றுவிடுமோ என்ற பயம் வேறு, மனிதன் செத்துவிடுவானோ என்ற பயம் வேறு. 1994இல் இத்தாலியின் இமோலாவில் சனிக்கிழமை ராட்சன்பெர்கர், ஞாயிற்றுக்கிழமை சென்னா என்று இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். 2014இல் ஜப்பானின் சுசூகாவில் காயம்பட்ட ஜூல்ஸ் பியாங்கி மறு ஆண்டு ஜூலையில் இறந்தார். ஓட்டுநரின் தலைக்கு மேல் வரும் ஹேலோ வளையத்தை 2018இல் கொண்டுவந்தபோது கார் அசிங்கமாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். 2020 பஹ்ரைனில் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து உள்ளே போய்த் தீப்பிடித்து எரிந்தது. 28 நொடிகள் கழித்து அவர் நெருப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார். அந்த வளையம் இல்லையென்றால் அவர் தலை தப்பியிருக்காது. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். நீங்களும் ஆர்வம் குறைந்ததற்குப் பாதுகாப்பைக் காரணமாக நினைத்தால் இன்னொருமுறை யோசித்துப் பாருங்கள்.

சரி, அடுத்தது முந்துதல். இதில்தான் பழைய ரசிகர்கள் நிறையப் பேருக்கு மனசு விட்டுப்போனது.

வேகமாகப் போகும் ஒரு கார் தனக்குப் பின்னால் கலங்கிய காற்றை விட்டுச் செல்கிறது. ரசிகர்கள் டர்ட்டி ஏர் என்று சொல்வது இதைத்தான். பின்னால் வரும் கார் அதற்குள் நுழைந்தால் அதன் முன் இறக்கைக்குச் சீரான காற்று கிடைக்காது. காரைத் தரையோடு அழுத்தும் விசை குறையும். வளைவில் டயர் சறுக்கும், சறுக்கினால் சூடேறும், சூடேறினால் பிடிமானம் போகும். ஓட்டுநர் வேறு வழியின்றி இடைவெளி விடுவார். ஃபார்முலா 1 நிர்வாகமே சொன்ன கணக்குப்படி, 2021 வரை இருந்த கார்கள் முன்காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும்போது 35 சதவீத அழுத்தத்தையும், 10 மீட்டரில் 46 சதவீதத்தையும் இழந்தன. 2022இல் காரின் அடிப்பகுதியை மாற்றி இதை 4 சதவீதமாகவும் 18 சதவீதமாகவும் குறைத்ததாக அறிவித்தார்கள். முதலில் நல்ல மாற்றம் தெரிந்தது. அப்புறம் அணிகள் காரை மெருகேற்ற மெருகேற்ற, நெருங்கிப் பின்தொடர்வது மறுபடி கடினமாகிவிட்டது.

இதற்கு மருந்தாக 2011இல் வந்ததுதான் டிஆர்எஸ். குறிப்பிட்ட இடத்தில் முன்காருக்கு ஒரு நொடிக்குள் இருந்தால், பின்னால் வருபவர் நேர்ப்பாதையில் தன் பின் இறக்கையின் ஒரு பலகையைத் திறக்கலாம். காற்றின் தடை குறையும், வேகம் கூடும். முன்னால் இருப்பவர் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாது. முந்துதல்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் எண்ணிக்கையா நமக்கு வேண்டும்?

2005 இமோலாவை நினைத்துப் பாருங்கள். 13வது இடத்தில் தொடங்கிய ஷூமாக்கர் கடைசிப் பகுதியில் அலோன்சோவின் பின்னால் ஒட்டிக்கொண்டார். ஃபெராரி அன்று தெளிவாக வேகமான கார். பத்துப் பன்னிரண்டு சுற்றுகளுக்கு அலோன்சோ இடம் விடவில்லை. எந்த வளைவில் முந்த முடியாதோ அங்கே வேண்டுமென்றே மெதுவாகப் போய் ஷூமாக்கரின் ஓட்டத்தைக் கெடுப்பார், எங்கே முந்த முடியுமோ அதற்கு முந்தின வளைவிலிருந்து சீக்கிரம் வேகமெடுத்து விலகுவார். முடிவில் வித்தியாசம் 0.215 நொடி. ஒரு முந்துதல்கூட நடக்காத அந்தக் கடைசிச் சுற்றுகளை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. டிஆர்எஸ் இருந்திருந்தால் அது ஒரே நேர்ப்பாதையில் முடிந்துபோயிருக்கும். நமக்கு வேண்டியிருந்தது முந்துவதற்கு முன்னால் வரும் அந்த முயற்சி, எதிர்ப்பு, ஏமாற்று. அதே ஆண்டு சுசூகாவில் 17வது இடத்தில் தொடங்கிய ரைக்கொனென் கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் ஃபிசிகெல்லாவை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு முந்தி ஜெயித்தார். அது சம்பாதித்த முந்துதல்.

2026 விதிகளில் டிஆர்எஸ் போய்விட்டது. இறக்கைகள் எல்லாருக்கும் அசையும், ஒரு நொடிக்குள் இருப்பவருக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும். காரின் குறைந்தபட்ச எடையும் 768 கிலோவாக இறங்கியிருக்கிறது. 2005இல் ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவில் காரின் துள்ளல் ஏன் மந்தமாகத் தெரிகிறது என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

மூன்றாவது விஷயம் எளிது, ஆனால் யாரும் ஒப்புக்கொள்ளத் தயங்குவது. பந்தயங்கள் அதிகமாகிவிட்டன. 1999இல் 16 பந்தயங்கள். 2024இல் 24. இது போக 2021 முதல் சில சனிக்கிழமைகளில் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயங்கள். முன்பெல்லாம் இரண்டு வாரம் காத்திருந்து, அந்த இரண்டு வாரமும் போன பந்தயத்தைப் பேசிப் பேசித் தீர்த்து, பசியோடு ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இப்போது போன பந்தயம் மனசில் இறங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. புள்ளிகளும் அப்படியே. 2002 வரை முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி, ஜெயித்தவருக்குப் பத்து. 2010 முதல் பத்துப் பேருக்குப் புள்ளி, ஜெயித்தவருக்கு 25. மினார்டியின் அந்த ஒரு புள்ளிக்கு இருந்த எடை இன்று எட்டாம் இடத்தின் நான்கு புள்ளிக்கு இல்லை.

அமெரிக்காவின் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் இதைவிட மோசமாக நடந்தது. 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியோடு ஆண்டு முழுக்கச் சீராக ஓட்டிப் பட்டம் எடுத்தார். அது பரபரப்பாக இல்லை என்று மறு ஆண்டே கடைசிப் பத்துப் பந்தயங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கும் முறை வந்தது. 2014இல் அது கட்டம் கட்டமாக ஆட்களைக் கழித்து, கடைசிப் பந்தயத்தில் நான்கு பேரை நிறுத்தும் முறையானது. 2017இல் பந்தயத்தையே துண்டு போட்டு நடுவில் புள்ளி கொடுத்தார்கள். பரபரப்பைத் தயாரித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தார்கள். அதே சமயத்தில் ஜெஃப் கார்டன் 2015இலும், டோனி ஸ்டூவர்ட் 2016இலும், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2017இலும் முழுநேர ஓட்டத்தை முடித்துக்கொண்டார்கள். இருபது வருடம் ஒரு எண்ணையும் ஒரு நிறத்தையும் பின்தொடர்ந்தவர்களுக்குத் தடத்தில் தங்களுடையது என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. விலகினார்கள். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். உங்கள் ஓட்டுநர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் ஓய்வு பெற்ற ஆண்டையும் உங்கள் ஆர்வம் தளர ஆரம்பித்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி சொல்லப்போவது எல்லாவற்றிலும் கனமானது. நம்பிக்கை.

2005இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர்கள் அந்தத் தடத்தின் சரிந்த வளைவைத் தாங்காது என்று தெரிந்தது. அணிகளும் நிர்வாகமும் ஒரு தீர்வுக்கு வர முடியாமல், 14 கார்கள் அறிமுகச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. ஆறு கார்கள் மட்டும் ஓடின. காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சலிட்டது. நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1இல் எடுத்த ஐந்து புள்ளிகளும் அந்தப் பந்தயத்தில் நான்காவதாக வந்து எடுத்தவை. முதல் இந்திய ஓட்டுநரின் ஒரே புள்ளிகள், அவரைப் பின்தொடர்ந்தவர்கள் முழு மனசோடு கொண்டாட முடியாத ஒரு நாளில் வந்தன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2021இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் கொட்டும் மழை. ஆபத்தான நேரத்தில் எல்லாரையும் முந்தாமல் மெதுவாக ஓடவைக்கும் சேஃப்டி காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்வலம் போனதுதான் பந்தயம். பாதிப் புள்ளிகள் கொடுத்தார்கள். அந்தப் பாதிப் புள்ளி ஆண்டுக் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்தது. அபுதாபியில் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5. அதைவிட நல்ல இறுதிப் போட்டியை யாரும் எழுதிவைக்க முடியாது. ஹாமில்டன் தேய்ந்த டயரோடு முன்னிலையில் இருக்க, சில சுற்றுகள் மீதமிருக்கும்போது ஒரு கார் சுவரில் மோதியது, சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புது டயர் போட்டார். இருவருக்கும் நடுவில் ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள். முதலில் அவை விலகிப் போகக் கூடாது என்றார்கள். பிறகு அந்த ஐந்தை மட்டும் போகச் சொல்லி, மற்ற பின்தங்கிய கார்களை அப்படியே விட்டு, ஒரே ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்தார்கள். வெர்ஸ்டாப்பன் முந்தினார், பட்டம் அவருக்கு. விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ விசாரித்து, மனிதத் தவறு என்று அறிக்கை கொடுத்தது, விதியின் வாசகத்தை மாற்றியது, பந்தயத்தை நடத்தும் அதிகாரியான ரேஸ் டைரக்டரையும் மாற்றியது. இரண்டு ஓட்டுநர்களும் அந்த ஆண்டு பட்டத்துக்குத் தகுதியானவர்கள். இதில் வெர்ஸ்டாப்பன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 22 பந்தயங்களின் கணக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை முடிவில் தீர்ந்ததைப் பார்த்த பிறகு, அதன்பின் வந்த ஒவ்வொரு சேஃப்டி காரையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சந்தேகம் வந்த இடத்தில் உற்சாகம் தங்குவது கஷ்டம்.

அப்புறம் நீங்கள். இருபத்தைந்து வருடம் பார்த்த கண் சும்மா இருக்காது. முதல் டயர் எத்தனை சுற்று தாங்கும், யார் அண்டர்கட்டுக்கு (எதிராளிக்கு முன்பே டயர் மாற்றி அவரை முந்தும் உத்தி) போவார்கள், எந்த அணி பிட் ஸ்டாப்பில் சொதப்பும் என்பதெல்லாம் உங்களுக்கு 15வது சுற்றிலேயே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் புது ரசிகர் சீட்டின் நுனியில் இருப்பார், நீங்கள் எழுந்து போவீர்கள். 2024 மொனாக்கோவில் முதல் சுற்று விபத்துக்குச் சிவப்புக் கொடி காட்டினார்கள். அந்த நிறுத்தத்திலேயே எல்லாரும் கட்டாய டயர் மாற்றத்தை முடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததுமே இனி ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. முதல் பத்துப் பேரும் தொடங்கிய வரிசையிலேயே முடித்தார்கள். லெக்லேர் சொந்த ஊரில் ஜெயித்த அழகான நாள் அது, ஆனால் நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஆர்வம் வருமா என்றால், அது அப்படியே வராது. பதினாறு வயதில் பார்த்ததை மறுபடி முதல் தடவையாகப் பார்க்க முடியாது. நான் செய்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முழு ஆண்டு பார்ப்பதை நிறுத்தினேன். கடமைக்குப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ஒரு ஆண்டு விட்டால் குடி முழுகிப்போகாது. திரும்பி வந்தபோது சுசூகா, ஸ்பா, இன்டர்லாகோஸ், சில்வர்ஸ்டோன் மாதிரி ஓட்டுநரின் கையைக் காட்டும் தடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து, அந்தப் பழைய பயம் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்துக்குப் போனேன். பிரான்ஸில் நடக்கும் லு மான் 24 மணி நேரப் பந்தயம். 2016இல் டொயோட்டா 23 மணி 55 நிமிடத்துக்கு மேல் ஓடி, முதல் வெற்றியைத் தொடும் தூரத்தில் இருந்தது. நக்கஜிமா ஓட்டிய ஐந்தாம் எண் கார் சக்தி இழந்து, கடைசிச் சுற்று தொடங்கும் கோட்டருகே, தன் அணியின் பிட்டுக்கு எதிரிலேயே நின்றது. போர்ஷே தாண்டிப் போனது. டொயோட்டா பிட்டில் மெக்கானிக்குகள் அசையாமல் நின்றார்கள். 1999இல் படோயரைப் பார்த்தபோது வந்த அதே வலி எனக்கு வந்தது, அதோடு இந்த விளையாட்டு எனக்குள் இன்னும் சாகவில்லை என்ற தெளிவும் வந்தது. டொயோட்டா 2018இல் ஜெயித்தது. 2023இல் ஐம்பது வருடம் கழித்து, மிக வேகமான கார்கள் ஓடும் முதல் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி, 1965க்குப் பிறகு முதல்முறையாக அங்கே ஜெயித்தது. இரவில் தூங்கி எழுந்து பார்த்தாலும் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும். புது ஆளாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் உங்கள் கணிப்பெல்லாம் அங்கே தோற்கும்.

ஃபார்முலா 1க்குள்ளேயே பார்க்கும் இடத்தையும் மாற்றினேன். முதலிடத்தை விட்டுவிட்டு ஆறிலிருந்து பதினைந்து வரை பார்க்கிறேன். நேரலையில் ஒரு ஓட்டுநரின் கார் கேமராவை மட்டும் தொடரும் வசதி இருந்தால் அதில் ஒருவரை முழுப் பந்தயமும் பாருங்கள். டயர் தேயத் தேய அவர் வளைவுக்குள் எப்படி நுழைகிறார் என்பதை அரை மணி நேரம் கவனித்தால் ஒரு கதை கிடைக்கும்.

2023 சிங்கப்பூரில் எனக்கு அது கிடைத்தது. அந்த ஆண்டு அதுவரை நடந்த 14 பந்தயங்களையும் ரெட் புல் ஜெயித்திருந்தது. அன்று ஃபெராரியின் சைன்ஸ் முன்னிலையில், நோரிஸின் மெக்லாரன் அடுத்து. கடைசிக் கட்டத்தில் புது டயர் போட்ட இரண்டு மெர்சிடிஸ் கார்கள் ரஸ்ஸலோடும் ஹாமில்டனோடும் பறந்து வந்தன. மெர்சிடிஸ் கார்கள் நோரிஸைத் தாண்டிவிட்டால் தன்னையும் விழுங்கிவிடும் என்று சைன்ஸுக்குத் தெரியும். அதனால் அவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, நோரிஸைத் தனக்கு ஒரு நொடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நோரிஸுக்கு டிஆர்எஸ் கிடைத்தது, அதை வைத்து அவர் மெர்சிடிஸை அடக்கினார். நான் இத்தனை வருடம் வெறுத்த ஒரு பலகையை, ஒரு ஓட்டுநர் 300 கிலோமீட்டர் வேகத்தில் யோசித்து, கேடயமாக மாற்றிவிட்டார். இமோலாவில் அலோன்சோ செய்ததன் தம்பி அது. கடைசிச் சுற்றில் ரஸ்ஸல் சுவரைத் தட்டி வெளியே போனார். சைன்ஸ் ஜெயித்தார். எழுந்து நின்று கை தட்டினேன், வீட்டில் வேறு யாரும் விழித்திருக்கவில்லை.

இப்போது ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு பந்தயங்களை முழுதாகப் பார்க்கிறேன், லு மானை விடுவதில்லை. மற்றவற்றுக்கு முடிவை மட்டும் படித்துக்கொள்கிறேன். நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ‘நின்றவை’ என்ற ஓரத்தோடு, யார் யாரை எத்தனை சுற்று தடுத்து நிறுத்தினார்கள் என்று எழுத இன்னொரு ஓரமும் கோடு போட்டிருக்கிறேன்.